இரண்டு தேவாக்கள் சேர்ந்து ஒரு நகரம் கட்டிய கதை

"கறுப்பாக்கும், புனிதா."

கழுத்தைச் சுற்றித் துவாயைக் கட்டி, கண்ணை இறுக மூடி, என் ஒப்பனை நாற்காலியில் சாய்ந்திருந்தபடி வெள்ளைத் தேவா இதைச் சொன்னார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு நிலவறை. தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். சின்ன ஜன்னலின் பாதியைப் பனி மூடியிருந்தது. மேலே கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பின் வாசம் படியிறங்கி வந்து, என் பவுடர் வாசத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

நான் பெட்டியைத் திறந்தேன். ஐந்து தட்டுப் பெட்டி. சந்தன நிறம், பாதாம் நிறம், தந்த நிறம், ரோசாவில் ஏழு வகை. கறுப்பு என்று பார்த்தால் கண்மை மட்டும்தான் இருந்தது. அதை வைத்து அறுபத்திரண்டு வயது ஆண்பிள்ளையின் முகம் முழுவதையும் பூசுவதென்றால், ஒரு வருடத்து மணப்பெண்களெல்லாம் மையில்லாமல் மணவறை ஏறவேண்டும்.

"தேவாண்ணை, இத்தனை வருசத்திலை என்னட்டை ஒருத்தரும் உப்பிடிக் கேட்டதில்லை."

"அப்ப இண்டைக்கு முதல்முறை. பூசும்."

என் தொழில்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை அவிழ்ந்த கதையை எழுதியதிலிருந்து, "அது எங்கடை கலியாணமோ?" என்று நான்கு குடும்பங்கள் கேட்டுவிட்டன. நான்கிலும் அவிழ்ந்திருக்கிறது போலும். இந்த வாரம் கலியாணம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மணப்பெண்ணின் தாய்மார் என்னிடம் வந்து "வெள்ளையாக்குங்கோ" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் நாகரிகமானவர்கள். "கொஞ்சம் வெளிச்சமாய்" என்பார்கள். "படத்துக்கு எடுப்பாய் வரவேணும்" என்பார்கள். எனக்கு விளங்கும். இரண்டு படி ஏற்றிப் பூசுவேன். பெண் கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தேடும். தாய் பார்த்துக் கண்கலங்குவார். நான் அடுத்த வீட்டுக்கு ஓடுவேன்.

ஆண்களுக்கும் செய்திருக்கிறேன். எங்கள் நாடகக் குழுவின் மற்றத் தேவாவான கறுவல் தேவாவின் கலியாணத்தில் அவருக்கும் நான்தான் பூசினேன். முகத்துக்குப் பூசிய அவசரத்தில் கையை மறந்துவிட்டேன். படங்களிலெல்லாம் முகம் சாம்பல் நிறம். கை அவருடைய சொந்த நிறம். மாலை மாற்றும் படத்தைப் பார்த்தால் வேறு யாரோ பின்னால் நின்று கையை நீட்டியதுபோல இருக்கும்.

அவர் அப்போதும் சிரித்தார். எதற்கும் சிரிப்பார். அதனால்தான் அவரை எப்படியும் கூப்பிட எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வெள்ளையும் கறுவலும்

எங்கள் நாடகக் குழுவில் இரண்டு தேவாக்கள். ஒருவர் வெள்ளைத் தேவா. எலுமிச்சம்பழ நிறம், கணீரென்ற குரல். கதை, வசனம், இயக்கம், முதன்மைப் பாத்திரம் என்று நோட்டீசில் நான்கு இடங்களிலும் அவர் பெயர்தான் இருக்கும். மற்றவர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பண்டசாலை ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். விட்பியில் புது வீடு வாங்கிப் போனபிறகும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு மணித்தியாலம் காரோட்டி வருவார். அவர் கறுவல் தேவா.

நிறம் குறைந்தவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். செல்லமாகத்தான் என்று எங்களுக்கே சொல்லிக்கொள்வோம்.

வெள்ளைத் தேவா இருபது வருடங்களில் பதினான்கு முறை அரசனாக இருந்திருக்கிறார். கறுவல் தேவா அதே இருபது வருடங்களில் காவலாளி, யமன், அரக்கன், வேடன், மறுபடியும் காவலாளி. ஒருமுறை குதிரையின் முன்னங்கால்கள். குதிரைக்கு வசனம் இல்லை. ஆனால் கனைத்தது அவர்தான். அந்த வருடம் அதிகம் கைதட்டு வாங்கியதும் அந்தக் கனைப்புத்தான்.

ஒரு நகரம் வேண்டியிருந்தது

நான் சொல்ல வந்த வருடமும் ஒரு அரச நாடகம் தயாராகத்தான் இருந்தது. கிடைக்காதது மண்டபம். கடைசியில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் வெர்னா. ஜமெய்க்காவில் பிறந்து வந்தவர், எங்கள் வயதுதான். இடுப்பில் சாவிக்கொத்தோடு, யாருக்கும் அவசரப்படாமல் நடப்பார். மாசி, அதாவது பெப்ரவரி, கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் என்பதால், அதை ஒட்டிய நிகழ்ச்சிக்குத்தான் மண்டபம் என்று சொன்னார்.

"நாடகத்தைத் தூக்கி எறியிறதோ?" என்று நான் கேட்டேன்.

"கிரீடத்தை எறிவம். மிச்சத்தை வைப்பம்" என்றார் வெள்ளைத் தேவா.

நூலகத்தில் பிள்ளைகளுக்கான புத்தகம் ஒன்றில் ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஒரு நகரத்தை நிறுவிய கறுப்பின மனிதர். அடிமையாக இருந்த ஒருவரின் மகன். குழந்தையிலேயே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கையில் சேர்ந்து, வளர்ந்தபிறகு அவர்களோடு மாட்டுவண்டியில் மாதக்கணக்காக மேற்கே போனார். ஆற்றங்கரையில் காடு வெட்டினார். கறுப்பர் பெயரில் காணி எழுத அங்கே சட்டம் விடவில்லை. வளர்த்தவர்கள் தங்கள் பெயரில் எழுதிவைத்து, சட்டம் மாறியதும் அவருக்கே மாற்றிக் கொடுத்தார்கள். ரயில் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் அந்தக் காணியை அளந்து, தெருக்கள் போட்டு, ஆட்களைக் குடியேற்றினார். கோயிலுக்குக் காணி கொடுத்தார். சுடலைக்குக் கொடுத்தார். ஊர் பட்டினி கிடந்த ஒரு வருடத்தில் வண்டிகட்டிப் போய் மா மூட்டைகளோடு திரும்பி வந்தார்.

நாடகத்துக்காக அவருக்கு யோசுவா என்று பெயர் வைத்தோம். நானும் இங்கே அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

"ஊர் விட்டுப் போன ஒருத்தன் ஒரு ஊரையே கட்டியிருக்கிறான். எங்கடை சனத்துக்கு இது விளங்கும், புனிதா" என்றார் வெள்ளைத் தேவா. அதைச் சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே இளகியிருந்தது. அவரைப் பற்றி நான் குறையாக எழுதப்போகிற இடங்களில் வாசகர்கள் இதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் அவருக்கு அரச வசனம் தவிர வேறு எழுத வராது. யோசுவா காட்டுக்குள் தன்னந்தனியாக வந்து பேசும் முதல் வசனம்: "யாரங்கே!"

"காட்டுக்குள்ளை ஆரைக் கூப்பிடுறார்?" என்று கேட்டேன்.

"மரங்களை" என்றார்.

பாதி முகம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மண்ணிறத்தையும் கண்மையையும் குழைத்து இடது பக்கம் முழுவதும் பூசிவிட்டேன். இந்த வேலை சரியில்லை என்று எனக்குள் எங்கோ ஒரு குரல் சொன்னது. ஆனால் கை பழகிய கை. யார் முகத்தைக் கொடுத்தாலும் பூசும். பாதி முடிந்ததும் வெள்ளைத் தேவா கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். உடனே நெஞ்சை நிமிர்த்தி,

"ஹா... ஹா... ஹா!" என்று சிரித்தார்.

அரக்கச் சிரிப்பு. மேலே யாரோ சட்டி மூடியைக் கீழே போட்டார்கள்.

"தேவாண்ணை, யோசுவா ஏன் சிரிக்கிறார்?"

அவருக்கே குழப்பம். "தெரியேல்லை. முகத்தைப் பார்த்தன், சிரிப்பு தன்பாட்டிலை வந்திட்டுது."

அந்த நேரம் பார்த்துப் படியில் கறுவல் தேவா நின்றார். கையில் உடுப்பு மூட்டை, தொப்பியில் பனி. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"அண்ணை, பாதி நீங்கள், பாதி நான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மூட்டையை வைத்துவிட்டு, "எனக்கு இந்தமுறை என்ன வேசம்?" என்று கேட்டார்.

"யோசுவான்ரை வண்டி ஓட்டுறவன்."

"வசனம் இருக்கோ?"

"இருக்கு. 'ஐயா, ஆறு வந்திட்டுது.'"

"அப்ப எனக்கும் அக்கா பூசவேணுமோ?"

"உனக்கு என்னத்துக்கடா!" என்றார் வெள்ளைத் தேவா.

யோசிக்காமல் வந்த வார்த்தை. வந்தபிறகுதான் மூன்று பேருக்கும் கேட்டது. நான் கறுவல் தேவாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஜக்கெற்றின் சிப்பை மெதுவாகக் கழுத்துவரை இழுத்தார்.

"ரோட்டு வழுக்குது. நான் வாறன், அக்கா."

படிகளில் அவர் சப்பாத்துச் சத்தம் மேலே போய், கதவு சாத்தும்வரை நான் பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு அதைக் கீழே வைத்தேன்.

"நான் மிச்சம் பூசமாட்டன், தேவாண்ணை."

"என்ன கதை கதைக்கிறீர்? நாடகத்துக்குத்தானே!"

"நாடகத்துக்கு ஆள் இருக்கு. இப்பதான் படியேறிப் போனார்."

"உவனோ? உவனுக்கு மூண்டு சொல்லுக்கு மேலை பாடமாக்க ஏலாது."

"மூண்டு சொல்லுக்கு மேலை நீங்கள் ஒருநாளாவது குடுத்தனீங்களோ?"

அவர் துவாயைக் கழற்றி எறிந்துவிட்டு, பாதி முகத்தோடேயே தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தநாள் அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். "புனிதாக்கா, என்னத்தைப் பூசினீங்கள்? தேங்காயெண்ணெய் போட்டும் போகுதில்லை. இவர் வேலைக்குப் போகவேணும்."

நான் பாவித்தது மணப்பெண் எவ்வளவு அழுதாலும் கரையாத மை. அதைச் சொன்னேன். பிறகு அவர் மனைவி சிரித்த சிரிப்பு எனக்கும் தொற்றிவிட்டது.

வெர்னா கொடுத்த காகிதம்

வியாழக்கிழமை, வெர்னாவின் மண்டபத்தில் ஒத்திகை. கறுவல் தேவா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒருவரோடும் பேசாமல் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

வெர்னா சாவிக்கொத்தோடு உள்ளே வந்து, எங்களைச் சுற்றிப் பார்த்து, ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களில் யார் நகரத்தை நிறுவுகிறவர்?"

வெள்ளைத் தேவா வாயைத் திறந்தார். வெர்னாவின் கண் அவர் இடது காதடியில் நின்றது. அங்கே நான்கு நாளாகக் கழுவியும் போகாத ஒரு கறுப்புத் திட்டு. வெர்னா அதைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. இதற்கு முன்னும் எத்தனையோ பேரிடம் எதையெதையோ கண்டிருப்பார் என்ற களைப்பு மட்டும் ஒரு நொடி வந்து போனது. சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது" என்றார்.

வெள்ளைத் தேவா துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார். காது சிவந்தது. பிறகு அந்தக் காகிதத்தைக் கசக்கியபடி, கதிரை தூக்கிக்கொண்டிருந்தவரைக் காட்டினார்.

"அவர்தான். அவர்தான் யோசுவா."

வெர்னா தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் இரண்டே இரண்டு வசனம்தான் பேசினார். எங்கள் நாடகங்களில் ஒருவருக்கும் அவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு வேலை செய்ய வராது.

கறுவல் தேவா கதிரையை இறக்கவில்லை. "மை போகாதபடியால் என்னைப் போடுறியளோ அண்ணை, இல்லாட்டி நடிப்பன் எண்டு நம்பிப் போடுறியளோ?"

வெள்ளைத் தேவா கசக்கிய காகிதத்தைப் பைக்குள் போட்டார். "எனக்குத் தெரியேல்லையடாப்பா. கதிரையை வைச்சிட்டு நடுவிலை வந்து நில். பாப்பம்."

நடுவில் நிற்பது

நடுவில் நிற்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. இருபது வருடம் ஓரத்தில் நின்ற கால்கள். இரண்டு வசனம் பேசுவார். மூன்றாவதில் பார்த்தால் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிற்பார். வலது கை இல்லாத ஈட்டியைப் பிடித்திருக்கும். வெள்ளைத் தேவா தரையில் ஒட்டுநாடாவால் பெரிய குறி போட்டார். முழங்கையைப் பிடித்து இழுத்துவந்து அதில் நிறுத்தினார். "இஞ்சை. இஞ்சைதான் நீ. ஊர் உன்னைச் சுத்தித்தான் வரவேணும்" என்று தொண்டை கட்டக் கத்தினார். நல்ல ஆசிரியர் அவர். அதற்கு முன் அவர் யாருக்கும் நடுவிடம் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

வசனம் பாடமாக்கவும் கறுவல் தேவா கஷ்டப்பட்டார். பண்டசாலையில் பெட்டிகளுக்குச் சொல்லிப் பார்ப்பாராம். ஆனால் அந்த நூலகப் புத்தகத்தை அவர் மனைவியும் அவரும் மூன்று தரம் வாசித்திருந்தார்கள்.

"அண்ணை, இந்த 'யாரங்கே'யை எடுப்பம்."

"ஏன்? நல்ல தொடக்கமெல்லோ!"

"அந்தாள் காட்டுக்குள்ளை ஒருத்தரையும் கூப்பிட்டிருக்காது. முதல்லை சுத்திப் பார்த்திருக்கும், ஆர் அடிச்சுக் கலைக்க வருவினமோ எண்டு."

வெள்ளைத் தேவா பேனையை எடுத்து வெட்டினார். அவருடைய வசனத்தை அவரே வெட்டியதை அன்றுதான் கண்டேன்.

அவருக்கு என்ன வேடம்? காணி எழுதமாட்டேன் என்று யோசுவாவைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக்கார அதிகாரி. முதல் வில்லன் வேடம்.

"எனக்குக் கொஞ்சம் வெள்ளை பூசவேணும், புனிதா."

"உங்களுக்குப் பூசத் தேவையில்லை எண்டு இருபது வருசமாய் நீங்கள்தானே சொல்லுறியள்" என்று பெட்டியை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை

மத்தியானக் காட்சி. காலையிலிருந்து பனி கொட்டியும் மண்டபம் நிறைந்திருந்தது. ஈரச் சப்பாத்து வாசமும் கடலை வடை வாசமும் கலந்திருந்தன. முதல் வரிசையில் வெர்னா.

உள்ளே கறுவல் தேவா என் முன்னால் இருந்தார். "என்ன பூச?" என்று கேட்டேன். அப்படி ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

"ஒண்டும் வேண்டாம். வேர்வையை மட்டும் ஒத்தி விடுங்கோ."

ஒத்திவிட்டேன். "தம்பி, உங்கடை கலியாணப் படம்..." என்று தொடங்கினேன்.

"ஐயோ அக்கா, மனிசி அதை எடுத்துப் பார்த்து இப்பவும் சிரிக்கிறா. ஆரோ ஒருத்தற்றை தலையை என்ரை கழுத்திலை வைச்சிருக்காம்." பிறகு சொன்னார்: "எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வரேல்லை, அக்கா. சும்மா சிரிச்சனான்."

நான் அவர் நெற்றியை மறுபடி ஒத்தினேன். மணி அடித்துவிட்டது.

திரை விலகியது. யோசுவா வந்தார்.

சனம் சிரித்தது.

அவர் ஒன்றும் செய்யவில்லை. வந்து நின்றார், அவ்வளவுதான். இருபது வருடமாக யமனாகவும் அரக்கனாகவும் அவரைப் பார்த்துப் பழகிய சனம். "யமன் வந்திட்டான்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் இன்னொரு அலை சிரிப்பு. நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் தாள்களோடு நின்றேன். அவர் கண் என்னைத் தேடியது. முதல் வசனத்தைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. வலது கை மெல்ல ஈட்டியைப் பிடிக்க உயர்ந்தது.

உயர்ந்த கையில் யோசுவாவின் அளவுகயிறு இருந்தது. அதைப் பார்த்தார். குந்தி இருந்து, மேடையில் நட்டிருந்த முளையில் கட்டினார். எழுத்தில் இல்லாத வேலை. கயிற்றை இழுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி, முதல் வரிசையில் இருந்த ஒரு பெரிய உடம்புக்கார அம்மாவின் முன்னால் நின்றார்.

"அன்ரி, உங்களுக்கு இந்த மூலைக் காணி."

அம்மா திகைத்தார். "எனக்கோ?"

"ஓம். ரெண்டு பக்கமும் தெரு. ஒரு கட்டுப்பாடு மட்டும்: வேலியை ஒவ்வொரு வருசமும் அரை அடி தள்ளிப் போடக்கூடாது."

மண்டபம் வெடித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. அந்த அம்மாவுக்கும் பக்கத்தில் இருந்த அவர் மைத்துனருக்கும் ஊரில் வேலி வழக்கு ஒன்று இருந்ததாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குக் கிணத்தடியோடை தாங்கோ!" என்று ஒரு குரல். "எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட!" என்று இன்னொன்று. அவர் கயிற்றை இழுத்து இழுத்து எல்லோருக்கும் கொடுத்தார். வெர்னாவிடம் வந்தபோது தமிழ் உதவாது என்று கண்டார். பிறகு கயிற்றின் நுனியை அவர் கையில் வைத்தார். வெர்னா நடந்ததை விளங்கிக்கொண்டார். "தேவாலயத்துக்குப் பக்கத்திலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம், மேடம்" என்றார் யோசுவா. வெர்னா கயிற்றைத் தளர விடாமல் பிடித்துக்கொண்டார்.

சொல்லாத சொல்

காணிக் கந்தோர்க் காட்சி, காணி எழுதும் அலுவலகம். மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தேவா, உயரத் தொப்பியோடு.

"உன்ரை பேரிலை காணி எழுதேலாது" என்றார் அதிகாரி.

"ஏன் ஐயா?"

அடுத்த வசனம்: "நீ கறுப்பன்." இரண்டே சொல். எழுதியவர் அவரே. இருபது வருடமாக அதைவிட மோசமான சொல்லை, நாளுக்குப் பத்துத் தரம், தேத்தண்ணி கேட்பதுபோல அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னவரும் அவரே.

வாய் திறந்தது. சொல் வரவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக் கொடுத்தேன். வரவில்லை. இன்னும் உரக்கக் கொடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு வசனம் ஞாபகம் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தாளை மடித்துக்கொண்டேன்.

மண்டபத்தில் வடை கடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"சொல்லுங்கோ ஐயா" என்றார் கறுவல் தேவா மெதுவாக. குரலில் கோபமில்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. "நான் கறுப்பு எண்டபடியால்தானே?"

வெள்ளைத் தேவா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுவும் எழுத்தில் இல்லை.

"ஓம்" என்றார்.

யோசுவா தலையாட்டினார். திரும்பி நடந்தார். நடுவாலேயே நடந்தார்.

வான்

கைதட்டைப் பற்றி எழுதப்போவதில்லை. எங்கள் சனம் சிற்றுண்டி இருந்தால் எல்லாவற்றுக்கும் தட்டும். வெர்னா மட்டும் வந்து யோசுவாவின் கையைப் பிடித்து, "என் காணியை நான் விற்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்தால், உடுப்புகளும் மேடைச் சாமான்களும் ஏற்றிய என் வான் வண்டி பனியில் புதைந்திருந்தது. சில்லு சுற்றுகிறதே தவிர அசையவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் வெள்ளைத் தேவா தன் காரில் ஏறி, "டேய், ஒருக்கால் தள்ளி விடு" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் போகாமல் நின்றார். கூப்பிட வாயெடுத்தார். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றதுபோல இருந்தது.

"தேவா" என்றார் கடைசியில். தன் பெயரைத் தானே கூப்பிட்டதுபோல அவருக்கே கூச்சம். "தேவா, ரெண்டு பேருமாய்த் தள்ளுவமோ?"

தேவா வானைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி வான் சாவியை வாங்கினார்.

"இல்லை, அண்ணை. நான் ஸ்ரியரிங்கைப் பிடிக்கிறன். நீங்கள் பின்னாலை போய்த் தள்ளுங்கோ."

வெள்ளைத் தேவா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு பின்னால் போனார். "தம் பிடிச்சுத் தள்ளுங்கோ!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. தள்ளினார். சில்லு சுற்றிய சுற்றில் சேறும் உப்பும் பனியுமாக ஒரு வாளி அளவு எழும்பி, அவர் முகம் முழுவதும் அப்பியது. வான் பாய்ந்து தெருவில் ஏறிவிட்டது.

நான் துவாயோடு ஓடினேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"விடும் புனிதா. இது கழுவினால் போகும்."